ஒன்றையொன்று தின்னாத புழுக்கள்

அத்தியாயம் 9

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன் இர்ஷாத் சாட்சிக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்.

சாட்சி ஒரு ஜாம் போத்தலுக்குள் இருந்தது. வாயில் நுளம்பு வலைத் துண்டு, அதைச் சுற்றி இறப்பர் வளையம். சார்ஜன் வளையத்தைக் கழற்றினார். சோள இலையைக் கிழித்து உள்ளே போட்டார். அவசரமாக மூடினார். உள்ளே பச்சையும் கறுப்புமாகப் புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெளிந்தன.

"என்னை வீட்டில இவ்வளவு கவனமாப் பாக்கிறல்ல," என்றான் கோகுலராஜ்.

சார்ஜன் சிரிக்கவில்லை. "இது செத்தா வழக்கும் செத்திரும் எண்டு பெரியவர் சொன்னவர்."

கோகுலராஜ் தனியார் பஸ்ஸில் நடத்துநராக இருந்து நரை கண்டவன். இப்போது சொந்த ஓட்டோ வைத்திருந்தான். அதில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் ஏறினார். நஸீறா. முன்பு காப்புறுதிக்காரருக்காக வயல் வயலாகப் போய்ப் பயிர்ச்சேதம் பார்த்தவர். அந்த வேலையை விட்ட பிறகு, பொலிஸ் கைவிட்ட விஷயங்களையும் பொலிஸ் பிடித்து வைத்திருக்கும் ஆட்களையும் துருவத் தொடங்கியிருந்தார். கேட்கிற கேள்வி கொஞ்சம். சிரிப்பு அதைவிடக் கொஞ்சம்.

அவர் குனிந்து போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இவ்வளவுதான். பயிர் நோய் பார்க்க மாவட்டம் முழுக்க ஓடுகிற விவசாய உத்தியோகத்தர் தனுசனைக் காணவில்லை. அவருடைய ஸ்கூட்டர் மாங்கேணியில், கடல்நீர் தேங்கும் களப்பின் கரையில், கண்டல் மரங்களுக்கிடையே நின்றது. இருக்கையைத் தூக்கினால் இந்தப் போத்தல். கூப்பிடு தூரத்தில் நாகமுத்துவின் சோளச் சேனை, காடு வெட்டி விதைத்த நிலம். படைப்புழு விழுந்த அந்தச் சேனையை எரிக்கச் சொன்னவர் தனுசன். எரிக்க வந்தால் உன்னையும் சேர்த்து எரிப்பேன் என்று மாவட்டமே கதைக்கும்படி கத்தியவர் நாகமுத்து. பொலிசுக்கு அது போதும். நாகமுத்து கூண்டுக்குள் இருந்தார். தனுசனின் உடலைத் தேடிச் சுழியோடிகள் களப்புக்குள் இருந்தார்கள்.

"இது கிடைச்சக்குள்ள எத்தினை புழு இருந்திச்சி, தம்பி?" என்று கேட்டார் நஸீறா.

"இப்ப இரிக்கிறதுதான் ராத்தா. ஒண்டும் குறையல்ல."

"ஒண்டுகூட?"

"குறைஞ்சா என்னைத்தானே கேப்பாங்க. நான் காலையில எண்ணுவன், அந்திக்கு எண்ணுவன்."

"உள்ளுக்கு என்ன இலை கிடந்திச்சி?"

"சோள இலைதான். கத்தியால அரிஞ்சு போட்டிருந்திச்சி. புது இலை."

நஸீறாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்தார். கோகுலராஜுக்கு அந்தப் பிடி தெரியும். அதற்குப் பிறகு நல்ல செய்தி வந்து அவன் பார்த்ததில்லை.

வெளியே வாங்கில் நாகமுத்துவின் மகள் கிருஷாந்தினி இருந்தாள். மடியில் சோற்றுப் பார்சல். கட்டு அவிழ்க்கப்படவில்லை.

"அப்பா சாப்பிடுறார் இல்ல," என்றாள். "பின்னேரம் நீதவானுக்கு முன்னால கொண்டுபோறாங்களாம். 'செஞ்சன் எண்டு சொல்லிர்ரன் புள்ள, அப்பயாவது நித்திர கொள்ள விடுவாங்க' எண்டு சொல்லுறார்."



"மகள்," என்றார் நஸீறா. "உங்கட சோளத்தில, ஒரு குருத்தைப் பிரிச்சா உள்ளுக்கு எத்தினை புழு இரிக்கும்?"

அவள் இப்படியொரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "பெரிய புழு எண்டா ஒண்டுதான். எப்பவும் ஒண்டுதான்."

"சரி. பின்னேரம் வரைக்கும் வாயைத் திறக்க வேணாம் எண்டு அப்பாக்குச் சொல்லுங்க."

ஓட்டோ தெற்கே ஓடியது. வானம் ஈயத்தட்டு மாதிரிக் கவிழ்ந்து கிடந்தது. மழை வரப் பார்த்தது, வரவில்லை.

"சொல்லுங்க அக்கா," என்றான் கோகுலராஜ். "மூண்டு ஊர் தாண்டியாச்சி. டிக்கட் போடாம எவ்வளவு தூரம் ஏத்திக்கொண்டு போற?"

"நாகமுத்தர்ர சோளத்தில விழுந்த சேனாப் புழு எப்பிடி வளரும் தெரியுமா?"

"சோளத்தைத் திண்டு."

"சோளத்தையும் திண்டு, கூடப்பிறந்ததையும் திண்டு. கொஞ்சம் பெருத்திட்டா பக்கத்தில இன்னொண்டு இரிக்க விடாது. அதான் குருத்துக்கு ஒண்டு. அதைக் கூட்டமா ஒரு போத்தலில போட்டா, சில நாளில கொழுத்த ஒண்டு ரெண்டுதான் மிஞ்சும்."

"எங்கட அப்பாட அண்ணன் தம்பிமார் மாதிரி."

"இர்ஷாத்திட போத்தலில ஒண்டும் குறையல்ல. எல்லாம் உசிரோட ஒண்டுமேல ஒண்டு கிடக்கு."

"அவ்வளவு ஒற்றுமையா? அப்ப அது நம்மட ஊர்ப் புழுவா இரிக்காது."

"நம்மட ஊர்ப் புழுதான்," என்றார் நஸீறா. "சேனாப் புழுதான் வெளியூர். கடல் கடந்து வந்து கொஞ்சக் காலம். நெத்தியில தலைகீழாப் பிடிச்ச கவட்டை மாதிரி வெள்ளைக் கோடு இரிக்கும். வாலடியில நாலு புள்ளி, சதுரமா. போத்தலில கிடக்கிறதுக்கு அது இல்ல. முதுகோரம் பிறை பிறையாக் கறுப்பு. அது நெல்லுப் படைப்புழு. கூட்டமாப் பொரிக்கும், கூட்டமாத் தின்னும், ஒரு வயல் முடிஞ்சா கூட்டமா அடுத்த வயலுக்கு நடக்கும்."

"ரெண்டும் படைப்புழுதானே."

"ஒரே பேரினம். பூச்சி படிச்சவங்க வைச்ச முதல் பேர் ரெண்டுக்கும் ஒண்டுதான். ரெண்டாம் பேர் வேற. குணமும் வேற."

கோகுலராஜ் ஒரு லொறிக்கு வழி விட்டான். லொறி போன பிறகும் வேகத்தைக் கூட்டவில்லை.

"அப்ப சோள இலை?"

"அதான்."

"தனுசனே போட்டிருக்கலாம்."

"நெல்லில எடுத்த புழுவை நெல்லோடதான் வைப்பார். படிச்ச மனிசன். பிறகு ஆரோ நெல்லை எடுத்துப் போட்டுச் சோளத்தை அரிஞ்சு போட்டிரிக்கான். இலையை மாத்தினவன் புழுவை மாத்தல்ல. அவனுக்கு ரெண்டும் ஒரே புழு."

"இலையை மாத்தினவன்தான் ஸ்கூட்டரையும் மாங்கேணிக்குக் கொண்டுபோயிரிக்கான்."

"ஓம்."

"திரும்பி பஸ்ஸில வந்திரிப்பான். என்ட பஸ்ஸா இருந்திருந்தா ஆளைச் சொல்லியிருப்பன். மிச்சக் காசு கேட்ட மூஞ்சை நான் மறந்ததில்ல." அவன் சிரித்தான். பிறகு நிறுத்தினான். "அப்ப சுழியோடிகள் தேடுற களப்பில..."

"ஆள் இல்ல," என்றார் நஸீறா.

நெல்லுப் படைப்புழு இந்தப் போகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் விழுந்ததாக நஸீறாவின் பழைய காப்புறுதி ஆட்கள் சொல்லியிருந்தார்கள். கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே ஒரு வட்டை, ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்வெளி. மண்முனைப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் வாவி அசையாமல் கிடந்தது. ஒரு தோணிகூட இல்லை.

வட்டையின் கடைசி வாய்க்கால் வயலில் ஒரு பெண் சேற்றில் நின்று விதைத்துக்கொண்டிருந்தார். மற்ற வயல்களில் பயிர் முழங்காலுக்கு வந்திருந்தது. இவர் இப்போதுதான் விதைக்கிறார். பெயர் ஆச்சிப்பிள்ளை. கேட்டதும் சொன்னார், கையை நிறுத்தாமல்.

"முதல் விதைச்சதைப் புழு திண்டிட்டு. பொழுதுபட்டா வெளிக்கிடும். விடிஞ்சு பாத்தா ஆடு மேஞ்ச மாதிரிக் கிடக்கும்."

"தண்ணி கட்டியிருந்தா?" என்று கேட்டார் நஸீறா.

"கட்டியிருந்தா மிதந்து செத்திரிக்கும், கொக்கு திண்டிரிக்கும். எங்களுக்கெங்க தண்ணி வந்திச்சி? கடைவாய்க்கால். மேல எல்லாரும் குடிச்சி முடிஞ்சாத்தான் எங்களுக்கு." அவர் ஒரு கை விதையை வீசினார். "தண்ணி திறந்து விடுற விதானையார் இது சேனாப் புழு, தண்ணிக்கும் சாகாது, ஒருத்தராலயும் ஒண்டும் செய்ய ஏலாது எண்டு சொல்லிப்போட்டார். தனுசன் தம்பி வந்துதான் பாத்தவர். 'இது பழைய நெல்லுப் புழுதான் அக்கா. தண்ணி நேரத்துக்கு வந்திருந்தா இவ்வளவு போயிராது. கமக்காரர் கூட்டத்தில சொல்லுறன்' எண்டு சொன்னவர். போத்தலில கொஞ்சம் பிடிச்சிக்கொண்டு அங்கால போனவர்தான். கூட்டத்துக்கு ஆள் வரல்ல."

"பொலிஸ் வந்து கேக்கல்லயா?"

"இஞ்ச ஆரு வந்த? மாங்கேணியில களப்பில விழுந்திட்டாராம் எண்டு கதைக்கிறாங்க."

கோகுலராஜ் சுற்றிப் பார்த்தான். எல்லா வயலிலும் தண்ணீர் மினுங்கியது. "இப்ப நிறையத் தண்ணி கிடக்கே அக்கா."

"தனுசன் தம்பி வந்துபோன அடுத்த நாளே விதானையார் எல்லாருக்கும் திறந்து விட்டிட்டார். புண்ணியவான்."

"எல்லாருக்குமா?" என்றார் நஸீறா.

ஆச்சிப்பிள்ளை நிமிர்ந்து, வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தைத் தாடையால் காட்டினார். சுற்றிவரத் தண்ணீர் நிற்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் காய்ந்து சாம்பல் நிறமாகக் கிடந்தது.

"அந்த ஒண்டைத் தவிர. காணிக்காரர் இளையதம்பிப் போடியார்ர. தண்ணி வேணாமெண்டவராம். அவருக்கு என்ன விசரோ தெரியா."

நஸீறா போடியாரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கினார். இருவரும் வரம்பில் நடந்தார்கள்.

"புழு வெள்ளாமையைத் திங்கக்குள்ள தண்ணி வேணாம் எண்டுறவன் ஒண்டில் விசரன்," என்றான் கோகுலராஜ். "இல்லாட்டி..."

"நட," என்றார் நஸீறா.

வட்டை விதானை கதிர்காமத்தம்பி அவர்களுக்கு எதிரே வந்தார். தோளில் மண்வெட்டி. வெற்றிலை போட்ட வாய். நல்ல சிரிப்பு. ஒரு வட்டைக்கு விதானை என்றால் அங்கே ஓடுகிற தண்ணீர் அவர் சொல்வதைக் கேட்கும். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பதெல்லாம் அந்த மண்வெட்டியின் நுனியில் இருக்கிறது.

"ஆரைத் தேடுறயள் தங்கச்சி?"

"புழுவை."

"புழுவோ?" அவர் சிரித்தார். "நீங்க பிந்திட்டயள். வெளிநாட்டுப் புழு, சேனாப் புழு. வந்த மாதிரியே போயிட்டு. அதுக்கு நாம என்ன செய்யிற?"

"அந்தத் துண்டில இன்னும் இரிக்கும்போல."

"அதுக்குள்ள இறங்க வேணாம். கடும் மருந்து அடிச்சிக் கிடக்கு."

நஸீறா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். மண் காலடியில் நொறுங்கியது. பயிர் ஒன்றும் மிஞ்சவில்லை, விரலளவு கட்டைகள் மட்டும். ஒரு கட்டையின் அடியைக் குச்சியால் கிளறினார். சுருண்டு கிடந்த புழுக்கள் கொத்தாக வெளியே வந்தன. கொழுத்திருந்தன. மருந்து அடித்த அடையாளம் எதுவும் இல்லை. ஒன்றை உள்ளங்கையில் எடுத்து நீட்டினார். கோகுலராஜ் எட்டிப் பார்த்தான். முதுகோரம் பிறை பிறையாகக் கறுப்பு.

"இது சேனாப் புழுவா, விதானையார்?"

"ஓம். அதேதான்."

"தனுசனுக்கும் இதைத்தான் காட்டினயளா?"

"எந்தத் தனுசன்?" வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றதுக்கு மாற்றினார். "ஓ, அந்தக் காணாமப்போன தம்பியா. அவர் இந்தப் பக்கம் வரல்ல தங்கச்சி."

கோகுலராஜ் ஆச்சிப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் சிறு உருவம். சத்தம் போட்டால் கேட்குமா என்று யோசித்தான். ஏன் யோசித்தான் என்று அவனுக்கே அப்போது தெரியவில்லை.

"இதுக்கு மட்டும் ஏன் தண்ணி விடல்ல?"

"போடியார் வேணாமெண்டு சொன்னவர். அவர்ர காணி, அவர்ர சொல்லு. களுதாவளையில இரிக்கார். வயசு போன மனிசன், அவருக்குக் கரைச்சல் குடுக்காதீங்க."

"கோகுல், ஒருக்கா எடு," என்றார் நஸீறா.

கோகுலராஜ் எடுத்தான். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான். மணி நெடுநேரம் அடித்தது. பிறகு ஒரு முதிய குரல், முழு வட்டைக்கும் கேட்கிற மாதிரி.

"ஆரது? என்ன, தண்ணியோ? நான் வேணாமெண்டனோ? ஆரு சொன்ன? விடியவும் எடுக்கிறன், பொழுதுபடவும் எடுக்கிறன், விதானையைக் கெஞ்சிக்கொண்டு கிடக்கிறன். 'நாளைக்குத் திறக்கிறன் போடியார், நாளைக்குத் திறக்கிறன்.' என்ட வெள்ளாமை போச்சே தம்பி. நீங்க அங்கயா நிக்கிறயள்? நிண்டா ஒருக்காத் திறக்கச் சொல்லுங்க."

கோகுலராஜ் கைப்பேசியை அணைத்தான்.

காற்று நின்றிருந்தது. மண்வெட்டி தோளிலிருந்து இறங்கி விதானையாரின் கையில் இருந்தது. எப்போது இறங்கியது என்று அவன் காணவில்லை.

நஸீறாவின் குரல் உயரவில்லை. "வக்கடையை வெட்டிவிடுங்க விதானையார்."

வரம்பில் தண்ணீர் புகுகிற வாய் சேற்றால் அடைக்கப்பட்டிருந்தது. அதற்கு அந்தப்பக்கம் வாய்க்கால் நிரம்பித் ததும்பி நின்றது. ஒரு கொத்துப் போதும். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அதுதான்.

அவர் கொத்தவில்லை.

"போடியார்ர சொல்லு கேட்டதுதானே," என்றார் நஸீறா. "வெட்டுங்க."

"வெட்ட ஒண்ணா."

"ஏன்?"

விதானையாரின் கண் வயலின் தூர மூலைக்குப் போய்த் திரும்பியது. கோகுலராஜும் பார்த்தான். மற்ற இடமெல்லாம் புழு தின்ற கட்டைகள் நின்றன. அந்த மூலையில் கட்டையும் இல்லை. வெறும் மண், தட்டிச் சமப்படுத்திய மண். மண்வெட்டியோடு ஒரு விதானை வயலில் கொத்திக்கொண்டு நின்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அவனுக்கு ஒரு பகிடியும் வரவில்லை. குனிந்து, வக்கடைக்கு முன்னால் முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் சேற்றைப் பிய்க்கத் தொடங்கினான். விதானையார் பின்னால் நின்றார். மண்வெட்டியின் அலகு எங்கே இருக்கிறது என்று அவன் பிடரிக்குத் தெரிந்தது. ஒரு கட்டி. இன்னொரு கட்டி. மூன்றாவது கட்டியைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போனது.

நஸீறா பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசுகிறவரை மண்வெட்டி அசையவில்லை. அதற்காகத்தான் அவர் பேசினார் என்பது கோகுலராஜுக்குப் பிறகுதான் விளங்கியது.

"வெளிநாட்டுப் புழு எண்டா அது ஒருத்தர்ர பிழையுமில்ல. பழைய நெல்லுப் புழு எண்டா, தண்ணி குடுக்காதவர்ர பிழை. தனுசன் கூட்டத்தில அந்தப் புழு எது எண்டு சொல்லியிருந்தா, ஊர் உங்களை விதானையா வைச்சிராது. அப்பிடித்தானே? ஊரை நம்ப வைக்கச் சொல்லிச் சொல்லி, கடைசியில நீங்களும் நம்பிட்டயள். அதான் இலையை மட்டும் மாத்தினயள். புழு ஒண்டுதானே எண்டு நினைச்சயள்."

தண்ணீர் வெடிப்புகளில் இறங்கி, நிரம்பி, அடுத்த வெடிப்புக்குப் போனது. மண்ணுக்குள் பகலெல்லாம் ஒளிந்திருந்த புழுக்கள் மேலே வந்தன. கட்டைகளில் ஏறின. ஏற இடமில்லாதவை ஒன்றோடொன்று பின்னி மிதந்தன. ஒரு கொக்கு வந்து இறங்கியது. பிறகு பல.

அந்த மூலைக்கு ஒரு கொக்கும் போகவில்லை.

தண்ணீர் அங்கேயும் போய்ச் சேர்ந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு குமிழி எழும்பி உடைந்தது. பக்கத்தில் இன்னொன்று. சேறு கொதிக்கிற மாதிரி நிரையாகக் குமிழிகள் வந்தன. தளர்ந்த மண் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது, ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற நீளத்துக்கு.

மண்வெட்டி விழுந்த சத்தத்தில் கோகுலராஜ் துள்ளித் திரும்பினான். விதானையார் வரம்பில் குந்தியிருந்தார். கைகள் வெறுமையாகத் தொங்கின.

நஸீறா கைப்பேசியைக் காதில் வைத்திருந்தார்.

"இர்ஷாத் தம்பி. சுழியோடிகளை வீட்ட போகச் சொல்லுங்க. மண்வெட்டியோட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கொக்கட்டிச்சோலைக்கு வாங்க." சற்று நிறுத்தினார். "வரமுதல் நாகமுத்தரை நித்திர கொள்ள விடுங்க."

விதானையார் ஒரு மிதக்கும் புழுவைப் பிடித்து விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முதுகை, பக்கத்தை, தலையை.

"இது சேனாப் புழுதான் தங்கச்சி," என்றார். "ஆரிட்டயும் கேட்டுப் பாருங்க."